லாசர் போடுற ஓவர்

வெளியில போடு லாசரு. ஆஃப் ஸ்டம்புக்கு ஒரு முழம் வெளியில போடு, அவன் தாவினாலும் எட்டாத எடத்துல, அதுக்காக அம்பயர் ரெண்டு கையையும் விரிச்சு வைடுன்னு சொல்ற அளவுக்கு இல்ல, நடுவுல ஒரு எடம் இருக்கு பாரு, அங்க. ஆறு பந்து. ஆறையும் அங்க போட்டுட்டுத் தொப்பியை வாங்கிக்கிட்டுப் போயிடு, அடுத்த ஓவர் என்னுது, மிச்சத்தை நான் பாத்துக்கறேன். இதையெல்லாம் நான் வாய் திறந்து சொல்லல. எப்பிடிச் சொல்றது, நான் நிக்கறது தேர்ட்மேன்ல, பேட்ஸ்மேனோட முதுகுப் பக்கம், மைதானத்தோட கடைசி மூலையில, பவுண்டரிக் கோட்டுச் சுண்ணாம்பு ஷூவுல ஒட்டிக்கிட்டிருக்கு, இங்கேருந்து கத்தினா பின்னாடி வேப்ப மரத்துல ஒக்காந்திருக்கற காக்காய்க்குத்தான் கேக்கும். சொன்னவரு கேப்டன். ஓவர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சாரநாதன் லாசர் தோள்ல கையைப் போட்டு நாலு அடி நடந்தாரு, வாயை மூடிக்கிட்டுத்தான் பேசினாரு, ஆனா எனக்குத் தெரியும் என்ன பேசினாருன்னு, மைதானத்துல இருக்கற அத்தனை பேருக்கும் தெரியும். எதுத்த டீம் பேங்க்காரங்க. ஒன்பது பேர் அவுட், ஒன்பதும் நான் எடுத்தது. கடைசி ஜோடி நிக்குது, ஜெயிக்க இன்னும் எட்டு ரன் வேணும் அவங்களுக்கு. லாசர் பந்துல விக்கெட் விழுந்தா அது லாசர் கணக்கு, ஆட்டம் முடிஞ்சுடும், நாங்க ஜெயிச்சுடுவோம், எனக்கு ஒன்பதோட சரி. ஒன்பது எடுத்தவனை யாரு கேக்கறா? பேட்டைக்கு ஒருத்தன் இருப்பான் ஒன்பது எடுத்தவன், டீக்கடையில ஒக்காந்து அந்தப் பத்தாவது எப்பிடிப் போச்சுன்னு சொல்லிக்கிட்டு. பத்து எடுத்தாத்தான் பேச்சு.

லாசர் வரான். ஓடறதுன்னு சொல்ல முடியாது, நாலு எட்டு, ஞாயித்துக்கெழமை கோயிலுக்குப் போறவன் மாதிரி நிதானமா, இடது கையைச் சுழட்டி விடறான். பந்து மெதுவா, மெதுவா வெளியில போகுது. முனிரத்தினம் பேட்டைத் தூக்கிக்கிட்டு விட்டுட்டான். நல்ல மனுஷன். பதினொண்ணாவது ஆளு, பேங்க்காரங்களோட பவுலர், பத்து வருஷமா அவனும் நானும் ஒருத்தருக்கு ஒருத்தர் கடைசியில எறங்கி ஒருத்தர் பந்துல ஒருத்தர் அவுட் ஆயிக்கிட்டிருக்கோம். அவனுக்கும் தெரியும் இது என்ன சமாசாரம்னு. ஒரு பந்து ஆச்சு. கூவம் நாத்தம் இந்தப் பக்கம் காத்து திரும்பினா வரும், காத்து திரும்பினா என் பந்தும் கொஞ்சம் வளையும், அதனால இருபது வருஷமா இந்த நாத்தம் எனக்கு நல்ல சகுனம், ராஜாமணிகிட்ட ஒரு தடவை சொன்னேன், கர்மம் கர்மம்னு மூக்கைப் பொத்திக்கிட்டா. ராஜாமணிக்கு கிரிக்கெட் தெரியாது. கல்யாணம் ஆன புதுசுல சொல்லிக்குடுக்கப் பாத்தேன், தீப்பெட்டியை ஸ்டம்பா வச்சு, எலுமிச்சம்பழத்தைப் பந்தா வச்சு. அவ எலுமிச்சம்பழத்தை எடுத்துட்டுப் போயி ரசத்துல பிழிஞ்சுட்டா. அதுலேருந்து ஒரே கேள்விதான். கதவைத் தொறந்ததும் ஜெயிச்சீங்களா? ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. ரெண்டாவது கேள்வி கெடையாது. நேரா எண்ணெய்க் கிண்ணத்தைக் காய்ச்சி எடுத்துட்டு வந்துடுவா, சட்டையைக் கழட்ட ஒத்தாசை பண்ணுவா, ஏன்னா என் வலது கை தோளுக்கு மேல தானாத் தூக்காது, தலை வார்றதே இப்ப எடது கையாலதான், வகிடு கோணலாத்தான் போகுது. பந்து போடும்போது மட்டும் எப்பிடியோ மேல போகுது. எப்பிடின்னு டாக்டரும் கேட்டாரு. தெரியல டாக்டர், அது பழக்கம்னு சொன்னேன்.

எனக்கு வயசு முப்பத்தெட்டு முடிஞ்சுது. சாரநாதன் வெள்ளிக்கெழமை ரூமுக்குக் கூப்பிட்டாரு. அவர் ஆபீசர், நான் டெஸ்பாட்ச் கிளார்க், ஆனா ஒக்காரச் சொன்னாரு, அப்பவே புரிஞ்சுபோச்சு, நல்ல சேதிக்கு யாரும் ஒக்காரச் சொல்றதில்ல. "அடுத்த சீசனுக்கு காலேஜ்லேருந்து ரெண்டு பேர் வரா ஓய். உமக்கும் தோள் சரியில்ல. நான் ஒண்ணும் புதுசாச் சொல்லல, உமக்கே தெரியும்"னாரு. என்னை ஓய்னு கூப்பிடற ஒரே ஆபீசர் அவருதான், மத்தவங்க டேய்க்கும் மிஸ்டருக்கும் நடுவுல தடுமாறிக்கிட்டு கடைசியில ஒண்ணும் கூப்பிட மாட்டாங்க. தெரியும் சார்னு சொன்னேன். வேலைக்கு ஒண்ணும் ஆபத்து இல்ல, ஆட்டத்துக்காக எடுத்தாங்கன்னாலும் வேலை நிரந்தரம், பென்ஷன் உண்டு, அதெல்லாம் சரிதான். ஆனா மூணு மணிக்கு மேஜையை மூடிட்டு, கேன்வாஸ் பையைத் தூக்கிக்கிட்டு, ஹெட்கிளார்க் வேதாசலம் கண்ணாடிக்கு மேல பாக்க, பாத்துக்கிட்டே "ஆட்டக்காரரு கெளம்பிட்டாருய்யா"ன்னு யாருகிட்டயோ சொல்ல, அந்த வார்த்தை முதுகுல பட்டுக்கிட்டே படியெறங்கறது இருக்கே, அது இனிமே கெடையாது. வேதாசலம் அதைக் கிண்டலாத்தான் சொல்றாரு. பதினாறு வருஷமாக் கிண்டலாத்தான் சொல்றாரு. எனக்கு அது பட்டம் மாதிரி இருந்துச்சுன்னு அவருக்குத் தெரியவே தெரியாது. சீசன் முடிஞ்சு திங்கட்கெழமை மூணு மணிக்கு நான் எந்திரிக்காம ஒக்காந்திருப்பேன், அவர் கண்ணாடிக்கு மேல பாப்பாரு, ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அதுதான் பயமா இருக்கு.

ரெண்டாவது பந்து. லாசர் கொஞ்சம் அதிகமாத் தூக்கிப் போட்டுட்டான், முனிரத்தினத்துக்கு ஆசை வந்துடுச்சு, எறங்கி வரான், எறங்கி வந்துட்டான், நடு ரோட்டுக்கு வந்த மாதிரி வந்துட்டான், பேட்டை வீசறான், காத்துதான் கெடைச்சுது. கீப்பர் கையில பந்து. கீப்பர் பெரியநாயகம் கையில பந்து இருக்கு, முனிரத்தினம் கோட்டுக்கு ஒரு கெஜம் வெளியில, ஸ்டம்பைத் தட்டினா முடிஞ்சுது. அடப் பாவி. பெரியநாயகம் பந்தைக் கீழ போட்டுட்டாரு. கை நழுவல, போட்டாரு. போட்டுட்டு, அய்யய்யோன்னு தலையில கையை வச்சுக்கிட்டாரு, அவ்வளவு மோசமா ஒரு நாடகம் நான் பாத்ததே இல்ல. முனிரத்தினம் திரும்பி ஓடி வந்து கோட்டுல பேட்டை வச்சுட்டு, பெரியநாயகத்தைப் பாத்தான், அப்புறம் கழுத்தைத் திருப்பி, அவ்வளவு தூரத்துல நிக்கற என்னைப் பாத்தான். நான் குனிஞ்சு ஷூ நாடாவைக் கட்டினேன். அது நல்லாத்தான் கட்டியிருந்துச்சு. என்னடா இது. பதினோரு பேரு சேந்து எனக்கு மொய் எழுதற மாதிரி இருக்கு. வேணாம்னு சொல்ல வாய் வரல. வேணும். அசிங்கமா இருக்கு, ஆனா வேணும். சாப்பாட்டுப் பந்தியில போதும் போதும்னு கையை இலைக்கு மேல வச்சுக்கிட்டு, விரல் சந்து வழியா விழட்டும்னு பாக்கற ஆளு மாதிரி நிக்கறேன்.

எல்லாம் அந்தப் பலகையால வந்தது. எங்க கம்பெனி கிளப் வராந்தாவுல, பெரிய கடிகாரத்துக்குக் கீழ, தேக்குப் பலகை, தங்க எழுத்து. நூறு ரன் அடிச்சவங்க பேரு, வருஷம், யாரை எதுத்து. துரைங்க பேரு மேல, அப்புறம் நம்ம ஆபீசருங்க, சாரநாதன் பேரே மூணு எடத்துல இருக்கு. ஒரு பவுலர் பேரு கெடையாது. நான் சேந்த மூணாவது வருஷம், அன்னிக்கு ஆறோ ஏழோ எடுத்திருந்தேன், கொஞ்சம் தைரியம் வந்து, அப்ப இருந்த செக்ரட்டரிகிட்ட, சிகரெட்டும் கையுமா நல்ல குஷியில இருந்தாரு, கேட்டே கேட்டுட்டேன், ஏன் சார் இதுல பந்து போட்டவன் பேரு இல்லன்னு. அவர் சிரிச்சாரு. கோவமில்ல, நல்லாவே சிரிச்சாரு. "பேட்ஸ்மேனுக்கு நூறு மாதிரி பவுலருக்கு என்னய்யா இருக்கு? பத்து எடு. பத்தையும் நீயே எடு. அன்னிக்கு எழுதறோம்." பக்கத்துல இருந்தவங்களும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். அவர் ஊருக்குப் போயாச்சு, செத்தும் போயிருக்கலாம், அந்தச் சிரிப்பு மட்டும் வராந்தாவுல அப்பிடியே இருக்கு. பலகையில கீழ இன்னும் நாலு வரிக்கு எடம் இருக்கு. பேட்ஸ்மேன்லாம் மேல்மாடி ஆளுங்க, பந்து போடறது கூலி வேலைதான், அது எனக்குத் தெரியாதா? ஆனா எடம் இருக்கு. போகும்போதும் வரும்போதும் பாப்பேன். "எத்திராஜ்". சின்னப் பேருதான், ரொம்பத் தங்கம் பிடிக்காது.

சாரநாதன் இன்னிக்கு எனக்கு இதைப் பண்ணிக் குடுக்கப் பாக்கறாரு. வெள்ளிக்கெழமை ஒக்காரச் சொன்னதுக்கு ஞாயித்துக்கெழமை பதில் பண்றாரு. நல்லவருதான். நல்லவங்ககிட்ட வாங்கிக்கறதுதான் கஷ்டம், திட்டவும் முடியாது.

மூணாவது பந்து, அய்யோ, இது அவ்வளவு வெளியில இல்ல, முனிரத்தினம் முட்டி போட்டு ஒரு வீசு வீசினான், கண்ணை மூடிக்கிட்டுத்தான் வீசியிருப்பான், பந்து பவுலர் தலைக்கு மேல பறந்து ஒரு தடவை குத்திக் கோட்டைத் தாண்டிடுச்சு. நாலு. இன்னும் நாலு ரன்னுதான் வேணும். பேங்க்காரங்க கூடாரத்துல ஒரே விசில், ஒருத்தன் நாற்காலி மேல ஏறி நிக்கறான். நம்ம பக்கம் சத்தமே இல்ல. லாசர் இடுப்புல கை வச்சு கேப்டனைப் பாக்கறான். ரெண்டு பேரும் நடுவுல நிக்கறாங்க. நியாயமா என்ன பண்ணணும்? ஸ்டம்புக்கு நேரா ஒரு பந்து போட்டா முனிரத்தினம் மாதிரி ஆளு ரெண்டாவது பந்துக்கு நிக்க மாட்டான், லாசர் அவனைத் தூக்கத்துல எடுப்பான். இல்ல, இப்பிடியே மொய் எழுதிக்கிட்டே இருந்தா இன்னொரு வீசுல ஆட்டம் போயிடும். ஆட்டம் போனா லீக்ல எங்களுக்குப் புள்ளி போகும், கம்பெனியில பெரிய துரை கேப்பாரு, ஏன் தோத்தீங்கன்னு, சாரநாதன் என்ன சொல்லுவாரு? ஒரு கிளார்க்கோட பேரைப் பலகையில எழுதறதுக்காகத் தோத்தோம்னா? நான் போயி சொல்லணும். சார், போதும், நேராப் போடச் சொல்லுங்க. இங்கேருந்து ஓடிப் போயி சொல்லிட்டு வரலாம், நேரம் இருக்கு. கால் எடுத்து வைக்கல. சாரநாதன் லாசர் முதுகைத் தட்டிட்டு மறுபடி ஸ்லிப்புக்குப் போறாரு. போற வழியில என் பக்கம் திரும்பி ஒரு விரலைக் காட்டினாரு. ஒண்ணு. ஒரு ஓவர் பொறும் ஓய், அதானே. நானும் கையைத் தூக்கினேன். எடது கை.

மின்சார ரயில் போகுது, சேத்துப்பட்டு ஸ்டேஷன்ல நின்னு கெளம்புது, ஜன்னல்ல தலைங்க, எல்லாம் எட்டிப் பாத்துட்டுப் போகுது. அந்த ரயில்லதான் முதல் முதல்ல இந்த மைதானத்தைப் பாத்தேன். மணலுக்கு நடுவுல பழுப்பாத் தென்னங்கயித்துப் பாயை விரிச்சு ஆணி அடிச்சிருந்தாங்க, வெள்ளைச் சட்டை போட்டவங்க அது மேல ஓடிக்கிட்டிருந்தாங்க, கல்யாண வீட்டுல பாய் விரிச்ச மாதிரி இருக்கே, இது மேல ஷூவோட நடக்கறானுங்களேன்னு நெனச்சேன். அப்புறம் அந்தப் பாயிலதான் சோறு சாப்பிட்டேன். பாயை இழுத்துக் கட்டினா பந்து மூஞ்சிக்கு எழும்பும், தொளதொளன்னு விட்டா பிடிச்சுத் திரும்பும், இன்னிக்குக் காலையில லேசா ஈரம், ஆணியும் ஒரு பக்கம் தளந்திருந்துச்சு, அதான் ஒன்பது. நான் ஒண்ணும் பிரமாதமாப் போடல. வேகம் போயி நாலு வருஷம் ஆச்சு. மொதல்ல விழுந்தவன் புல்டாஸை அடிக்கப் போயி ஸ்டம்பைக் குடுத்தான், நாலாவது ஆளுக்கு அம்பயர் பாவம் பண்ணினாரு. ஆறு நல்ல பந்து, மூணு அதிர்ஷ்டம். இதை யாருகிட்டயும் சொல்ல வேண்டியதில்ல, பலகையில அந்த மாதிரி எல்லாம் எழுத மாட்டாங்க.

நாலாவது பந்து வெளியில. நல்லா வெளியில. முனிரத்தினம் கால் நகத்தல. சபாஷ். இந்த சபாஷ் லாசருக்கா முனிரத்தினத்துக்கான்னு எனக்கே தெரியல. இன்னும் ரெண்டு. ரெண்டே ரெண்டு. அப்புறம் என் ஓவர், எதுத்தாப்புல யாரு நிப்பான்? ரன் ஓடலன்னா அந்தப் பக்கத்து ஆளு, சின்னப்பதாஸ், காலையிலேருந்து நிக்கறான், ஒழுங்கா ஆடறவன், அவனை எடுக்கணும். எடுக்க முடியுமா? கை தூக்குமா? மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தோள்ல உள்ள இருந்து யாரோ ஊசி குத்தற மாதிரி இருக்கு. எடது காலை நல்லா முன்னாடி வச்சு, பந்தை விரல் நுனியில பிடிச்சு, பாய் தளந்திருக்கற அந்த ஓரத்துல, அங்க ஒரு தையல் இருக்கு, அந்தத் தையல்ல பட்டா உள்ள வரும். பாயோட தையல் எனக்குத் தெரியும், சின்னப்பதாஸுக்குத் தெரியாது. ஒரு பந்து அந்தத் தையல்ல போட்டாப் போதும். போடுவேன். சாமி, ஒரே ஒரு பந்து. நான் சாமிகிட்ட ஆட்டத்துக்காக எதையும் கேட்டதில்ல, எனக்கு ஆட்டம் பழக்கின பிராட்வெல் துரை கேட்டா சிரிப்பாரு. பிராட்வெல் துரைக்கு சாமி நம்பிக்கை கெடையாது, கேட்ச் நம்பிக்கை மட்டும்தான். நான் பந்து போட வந்த மொத வருஷம், தெனம் சாயங்காலம் என்னை இதே மாதிரி கோட்டுல நிறுத்திட்டு நடுவுலேருந்து அடிப்பாரு, வானத்துக்கு, ஒண்ணு, இன்னொண்ணு, இன்னொண்ணு. விட்டா மைதானத்தை ஒரு சுத்து ஓடணும். பிடிச்சா ஒண்ணும் இல்ல, அடுத்தது வரும். குட்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஒருநாள் மழை பிடிச்சுக்கிச்சு, கண்ணுல தண்ணி, பந்து எங்க வருதுன்னே தெரியல, அப்பவும் அடிச்சாரு, சத்தத்தை வச்சு ஓடிக் கையை நீட்டினேன், விழுந்துச்சு. அதுக்கப்புறம் நான் கேட்ச் விட்டதா ஞாபகம் இல்ல. பெருமைக்குச் சொல்லல. ராஜாமணி அடுப்படியிலேருந்து தக்காளியைத் தூக்கிப் போட்டாக்கூட, பேப்பர் படிச்சுக்கிட்டே பிடிப்பேன்.

அஞ்சாவது பந்து. லாசர் நடந்து வரான், கையைச் சுழட்டறான், வெளியிலதான், நல்லா வெளியிலதான் போடறான், இந்தத் தடவை முனிரத்தினம் விட மாட்டேன்னு தாண்டி வந்து, நாலு ரன்னு கண்ணுக்குத் தெரிஞ்சுடுச்சு அவனுக்கு, பாவம், ஆயுசுல ஒரு தடவை ஜெயிக்கற ரன்னை அடிக்கணும்னு அவனுக்கும் இருக்காதா, முழுப் பலத்தோட வீசினான். பேட்டோட மேல் விளிம்புல டொக்குனு ஒரு சத்தம். பந்து முன்னாடி போகல. பின்னாடி, மேல, ஸ்லிப் தலைக்கு மேல, மேல மேல, வெயில்ல கறுப்பாச் சின்னதா, என் பக்கம். என் பக்கம்தான். வேற யாரும் இல்ல இங்க. நான் அசையல. அசைய வேண்டியதே இல்ல, நேரா வருது, வீட்டுக்கு வழி தெரிஞ்ச மாதிரி வருது. எவ்வளவு நேரம் மேல நின்னுச்சுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க, எனக்கு எல்லாம் யோசிக்க நேரம் இருந்துச்சு. பிடிச்சா லாசர் விக்கெட். பிடிச்சா ஒன்பது. விட்டா, கோட்டுக்கு முன்னாடிதான் விழும், ஒரு ரன், மிஞ்சிப்போனா ரெண்டு, ஆட்டம் போகாது, அப்புறம் லாசருக்கு ஒரு பந்து மிச்சம், அப்புறம் என் ஓவர், அந்தத் தையல். விட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பெரியநாயகம் மாதிரி தலையில கை வச்சாப் போதும். "விடு!" சாரநாதன் கத்தறாரு. கேப்டன் கத்தறாரு, மரியாதையான மனுஷன், தொண்டை கிழிய, "விட்டுடும் ஓய்! எத்திராஜ், விட்டுடும்!" லாசரும் கத்தறான், "அண்ணே, வேணாண்ணே!" மைதானம் பூரா என்னை விடச் சொல்லுது. இப்பிடி எந்த மைதானத்துலயாவது நடந்திருக்குமா? விடறேன். விடறேன்னுதான் நெனச்சேன். சத்தியமா அதான் நெனச்சேன், பலகை, தங்கம், நாலு வரி எடம், எல்லாம் கண்ணு முன்னாடி இருந்துச்சு, ஒரு அடி பின்னால போயிடலாம், வெயில் கண்ணுல அடிச்சுதுன்னு சொல்லலாம், விடறேன் சார், இதோ விட்டுட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கும்போதே கை மேல இருக்கு. ரெண்டு கையும். தலை வாரத் தூக்காத கை, சட்டை கழட்டத் தூக்காத கை, நெத்திக்கு மேல போயி, விரல் விரிஞ்சு, அங்க நிக்குது, வலி இல்ல, ஒண்ணும் இல்ல, பந்து வந்து விழுந்துச்சு. நான் மூடல. அதுவா மூடிக்கிச்சு.

எல்லாம் நின்னுடுச்சு. யாரும் கை தட்டல. பேங்க்காரங்க தோத்தாங்க, அவங்க தட்ட வேண்டியதில்ல; எங்க ஆளுங்க ஜெயிச்சாங்க, அவங்களும் தட்டல. அம்பயர் விரலைத் தூக்கினாரு, இவ்வளவு மெதுவா ஒரு விரல் மேல போயி நான் பாத்ததில்ல. வேப்ப மரத்துக் காக்கா மட்டும் கத்திக்கிட்டு எந்திரிச்சுப் போச்சு. லாசர் ஓடி வரான், நாலு எட்டுக்கு மேல ஓடாதவன் இத்தனை தூரம் ஓடி வரான், விக்கெட் எடுத்தவன் அழுதுக்கிட்டு வரான். "ஏண்ணே புடிச்சே? நான் வெளியதானேண்ணே போட்டேன். ஏண்ணே புடிச்சே?" "நல்ல பந்துடா"ன்னேன். அதுக்கு இன்னும் அழுதான், முப்பது வயசுக் கழுதை, ரெண்டு புள்ளைக்குத் தகப்பன். தொப்பியை எடுத்து அவன் மூஞ்சியைத் தொடைச்சு விட்டேன். சாரநாதன் நடந்துதான் வந்தாரு. கிட்ட வந்து, "காது கேக்கலையா ஓய்?"னாரு.

"கேட்டுது சார்."

"அப்புறம்?"

அப்புறம் என்ன. எனக்கும் அதேதான் கேக்கணும், யாரைக் கேக்கறது? கையை நீட்டிக் காட்டினேன், அதுல பந்து இருந்துச்சு, அவ்வளவுதான் என்கிட்ட இருந்த பதில். அவர் பந்தைப் பாத்தாரு. என் முகத்தைப் பாத்தாரு. கண்ணு கலங்கின மாதிரி இருந்துச்சு, வெயிலாவும் இருக்கலாம். அதிக விக்கெட் எடுத்தவன் முன்னாடி நடந்து உள்ள போகணும், மத்தவங்க பின்னாடி வரணும், அது வழக்கம், "போம், முன்னாடி போம்"னு என் தோளைத் தொட்டாரு, வலிக்கற தோளை, அப்பத்தான் வலி திரும்பி வந்துச்சு, உயிர் போற வலி. முன்னாடி நடந்தேன். பாதி தூரம் போனதும் யாரோ தட்ட ஆரம்பிச்சாங்க, திரும்பிப் பாத்தேன், முனிரத்தினம், பேட்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுத் தட்டறான், அவன் டீம் தோத்துப்போன மைதானத்துல தனியா நின்னு. அப்புறம் எல்லாரும் தட்டினாங்க. எனக்கு முனிரத்தினம் தட்டினதுதான் கேட்டுது.

வராந்தாப் படி ஏறும்போது பலகையைப் பாக்கக் கூடாதுன்னு போனேன், பாத்தேன், எடம் அப்பிடியே இருக்கு. ஒண்ணும் ஆகல. தங்கம் கொஞ்சம் மங்கியிருக்கு, முன்னாடியே மங்கியிருந்திருக்கும், நான்தான் கவனிக்கல. இன்னும் கொஞ்ச நேரத்துல ரயில் வரும், எழும்பூர்ல எறங்கி சிந்தாதிரிப்பேட்டைக்கு நடக்கணும், பையை எடது தோள்ல மாட்டிக்கிட்டு. உள்ளங்கை ரெண்டும் செவந்து எரியுது. கதவைத் தொறந்ததும் ராஜாமணி கேப்பா, ஜெயிச்சீங்களா? ஜெயிச்சோம்னு சொல்லுவேன், அது உண்மைதான். சரின்னுட்டு எண்ணெய் காய்ச்ச உள்ள போயிடுவா. இத்தனை வருஷமா அது எனக்கு சௌகரியமாத்தான் இருந்துச்சு. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அவ ரெண்டாவது கேள்வி கேட்டாத் தேவலை.